கேட்டின் துணி எடுக்க முதல் சுவருக்குப் பெயின்ட் அடிச்சுப் போடாதீங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல வாற வீட்டலங்காரப் பக்கத்த நான் விடாம வாசிக்கிற ஆள். நான் மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில வீட்டோட இருந்து யன்னல் திரை, அதுதான் கேட்டின், குசன் உறை, செற்றி (சோபா) உறை தைச்சுக் குடுக்கிறன். என்னட்டத் தைக்கக் குடுக்கிற பிள்ளைகள் உங்கட பக்கத்த வெட்டி எடுத்துக் கொண்டுவந்து அக்கா இதே மாதிரி வேணும் எண்டு காட்டுறாங்க, அதனாலதான் இத எழுதணும் எண்டு நினைச்சன். அந்தப் படங்கள் எல்லாம் குளிர் நாட்டு வீடு. சாம்பல் சுவர், வெள்ளச் செற்றி, வெளிறின பலகை நிலம். நம்மட வீடுகள்ல இரிக்கிறது சிவப்புச் சீமெந்து நிலம், தேக்குக் கதிரை, பொலிஷ் பண்ணின பெரிய அலுமாரி, மினுங்குற டைல்ஸ். இதுகள வெச்சுக்கொண்டு சுவருக்கு என்ன கலர் எடுக்கிற, மினுக்கமா மங்கலா என்ன பினிஷ் எடுக்கிற எண்டு ஒருத்தரும் எழுதுறாங்க இல்ல.

நான் சொல்ல வாறது ஒண்டுதான் ஐயா. சுவர்ட கலர கடைசியா எடுக்கச் சொல்லுங்க.

மட்டக்களப்புப் பக்கம் மகளுக்குக் கலியாணம் எண்டா வீடுதான் முதல் பேச்சு, தமிழ் ஆக்களும் சரி முஸ்லிம் ஆக்களும் சரி வீட்டக் கட்டி மகள்ட கையில குடுக்கிற ஊர் இது. மேசன் வேலை முடியும், சுவரச் சமப்படுத்துற பில்லர் பூச்சுப் பூசுவாங்க, நாள் கிட்ட வந்திட்டு எண்டு அப்பா கடைக்குப் போய் கலர் மாதிரி போட்ட ஷேட் கார்ட்ல ஒரு சின்னச் சதுரத்தத் தொட்டுக் காட்டி பெயின்ட் எடுத்து ஒரு கிழமைக்குள்ள அடிச்சு முடிச்சிருவார். மறுகாதான் செற்றி வரும், அலுமாரி வரும், எல்லாத்துக்கும் கடைசியா என்னக் கூப்பிட்டு இந்தச் சுவருக்குப் பொருத்தமாக் கேட்டின் தைச்சுத் தாங்க எண்டு கேப்பாங்க. போய்ப் பாத்தா சுவர் பிஸ்தாப் பச்ச, செற்றி மெரூன், டைல்ஸ் க்ரீம்ல மண்ணிறக் கோடு. நான் காத்தான்குடி, கல்முனை எண்டு கடை கடையா ஏறி இறங்கினாலும் இந்த மூண்டோடயும் சேந்து நிக்கிற துணி கிடைக்காது. ஏனெண்டா துணிக்கடையில அந்த மாசம் ரோல்ல என்ன கலர் வந்திரிக்கோ அதுதான். செற்றிக் கடையிலயும் அப்பிடித்தான், நாலஞ்சு கலர் காட்டுவாங்க, அதுக்குள்ளதான் எடுக்கணும். பெயின்ட் அப்பிடி இல்லயே, கலக்கிற மெஷின்ல ஆயிரக்கணக்கான ஷேட் எடுக்கலாம், ஒரு துளி கறுப்பு கூட்டலாம், அதே கலர அரைவாசி வெளிற வைக்கலாம். ஆயிரம் கலர்ல கிடைக்கிறத முதல் முடிவு பண்ணிப்போட்டு அஞ்சு கலர்ல கிடைக்கிறதத் தேடி அலையிறது சரியா, சொல்லுங்க பாப்பம். சீலைய எடுத்துப்போட்டுத்தானே சட்டைத் துணிக்குப் போவம், சீலைய கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயில்ல பிடிச்சுப் பாத்துத்தானே துணி வெட்டச் சொல்லுவம், வீட்டுக்கும் அதே வழிதான்.

கடை வாசலுக்குக் கொண்டுவாறதுல பெரிய விசயம் இரிக்கு. கடைக்குள்ள வெள்ள டியூப் லைட்ல ஒண்டா இரிக்கிற ரெண்டு கலர் வீட்டு வெளிச்சத்துல வேற வேறயாத் தெரியும், சாயமும் பெயின்டும் வேற வேற சாமான்ல செஞ்சதால அப்பிடி. பல்ப் பெட்டியில நம்பர் போட்டிரிக்கும் பாருங்க, 6500 கே எண்டா நீலம் பாஞ்ச வெள்ள, 3000 கே எண்டா மஞ்சள் பாஞ்சது. நம்மட ஆக்கள் கூட 6500தான் போடுறாங்க, அந்த வெளிச்சத்துல மெரூன் செற்றியும் தேக்குக் கதிரையும் சப்பெண்டு போயிரும், மஞ்சள் பாஞ்ச க்ரீம் சுவர் பச்ச அடிச்ச மாதிரித் தெரியும். சுவர் பிடிக்கல்ல திரும்ப அடிக்கணும் எண்டு சொல்லுற வீடுகள்ல நான் முதல்ல ஹோல் பல்ப மாத்திப் பாக்கச் சொல்லுவன், அதோட சரியாப் போன வீடும் இரிக்கு.

வெயிலும் அப்பிடித்தான். வடக்குப் பாத்த அறை எப்பவும் குளிர் வெளிச்சம், அதுக்கு மஞ்சளோ பீச்சோ அடிங்க எண்டு உங்கட பக்கத்துல ஒருக்கா வந்திச்சு. அது தூர வடக்கு நாட்டுக்குச் சரி. நம்மட ஊர்ல ஏப்ரல் முதல் பாதியில ஒருக்கா, செப்டம்பர் தொடக்கத்துல ஒருக்கா சூரியன் உச்சிக்கு நேர் மேல நிக்கும், அந்த ரெண்டுக்கும் இடைப்பட்ட மாசமெல்லாம் அது நமக்கு வடக்கால போகுது. தென்மேற்கால கச்சான் காத்து அடிக்கிற அந்த மாசங்கள்ல காலையிலயும் பின்னேரமும் வடக்கு யன்னலால சரிவா வெயில் உள்ளுக்கு வரும், மார்கழி தையில அதே அறை இருண்டு கிடக்கும். ஒரே சுவர் வருசத்துக்கு ரெண்டு கலர் காட்டும். கல்லடி, நாவலடி, காரைதீவு மாதிரி கடலப் பாத்த வீடுகள்ல இன்னும் கூட, விடிஞ்சா கிழக்கால வாற வெளிச்சத்துல வெளிறின கலர் எல்லாம் வெள்ளயாப் போயிரும், பின்னேரம் அதே சுவர் மங்கிக் கிடக்கும். அப்பிடி வீட்டுக்குச் சாம்பல் கொஞ்சம் கலந்த கலர்தான் ரெண்டு நேரத்துக்கும் தாக்குப்பிடிக்கும். கிழக்கு யன்னல் கேட்டினுக்கு லைனிங் வெச்சுத் தைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி சிவப்பும் ஊதாவும் வெளிறிப்போய் சுவருக்கு எடுத்த பொருத்தமே இல்லாமப் போயிரும்.

நிலத்தப் பத்தி ஆரும் யோசிக்கிறல்ல. எங்கட பக்கம் ஒரு பழைய வீடு, சிவப்புச் சீமெந்து நிலம், தேச்சுத் தேச்சுக் கண்ணாடியாட்டம் மினுங்கும். நல்ல வெள்ளப் பெயின்டா எடுத்து அடிச்சிருந்தாங்க. மத்தியானத்துல இடுப்பளவுக்குக் கீழ சுவர் ரோஸ் நிறமாத் தெரியுது, மேல வெள்ள. கடைக்காரர் வேற கலரத் தந்திட்டார் எண்டு வீட்டுக்காரம்மாவுக்குக் கோவம், பெயின்ட் அடிச்ச தம்பி பாவம் ரெண்டாந் தரமும் அடிச்சுப்போட்டு நிக்கிறான். நான் அவங்கட வெள்ளப் பெட்ஷீட் ஒண்ட வாங்கி யன்னலுக்குக் கீழ நிலத்துல விரிச்சுக் காட்டினன், அந்த இடத்துச் சுவர்ல ரோஸ் போயிட்டு. வெயில் சிவப்பு நிலத்துல பட்டுச் சுவர்ல ஏறுது, அவ்வளவுதான். யன்னலுக்கு வெளிய மாமரம் நிண்டா பச்ச ஏறும். இப்பிடி வீட்டுக்குத் தூய வெள்ள எடுக்காம மண்ணிறமோ சாம்பலோ ஒரு சொட்டுச் சேத்த வெள்ள எடுத்தா, ஏறுற சிவப்பு தனியா முழிச்சுத் தெரியாது. வெள்ளயிலயே மஞ்சள் சாஞ்சது, ரோஸ் சாஞ்சது, நீலம் சாஞ்சது எண்டு இரிக்கு, கொப்பித் தாள் ஒண்டுக்குப் பக்கத்துல பிடிச்சா எந்தப் பக்கம் சாயுது எண்டு தெரிஞ்சிரும்.

மரச் சாமானுக்கு வாறன், நம்மட வீடுகள்ல காசு போன இடமே அதுதானே. தேக்கு தேன் நிறம், முதிரை பொன் மஞ்சள் மினுக்கம், மகோகனி செம்மண்ணிறம். பலா மரம் புதுசுல நல்ல மஞ்சளா இரிக்கும், போகப் போகக் கறுத்து மண்ணிறமாப் போயிரும், அதனால பலாக் கட்டில் செஞ்ச உடன அதுக்குப் பொருத்தமா எண்டு சுவர எடுக்காதீங்க, வீட்டுல ஏற்கனவே இரிக்கிற பழைய பலாச் சாமான் ஒண்டப் பாத்து எடுங்க. தேக்குக்குப் பக்கத்துல மஞ்சள் க்ரீம் அடிக்கிறதுதான் நான் கூடுதலாக் காணுற பிழை, ரெண்டும் ஒரே சாதிக் கலர் எண்டதால மரம் எழும்பி நிக்காது, எல்லாம் ஒரே மஞ்சளாக் கிடக்கும். தேக்குல இரிக்கிற செம்மஞ்சளுக்கு நேர் எதிர்க் கலர் நீலம். நீலம் கலந்த இளஞ்சாம்பல், இல்லாட்டி சாம்பல் கலந்த இளம் பச்ச அடிச்சுப் பாருங்க, அதே கதிரை புதுசா வாங்கின மாதிரி நிக்கும். ஹோலுக்குள்ள எல்லா மரமும் ஒரே நிறமா இரிக்கணும் எண்டு அப்பம்மா காலத்து முதிரை அலுமாரிக்கு மேல கறுப்பு வார்னிஷ் அடிக்கிறத மட்டும் தயவு செஞ்சு ஆரும் செய்ய வேணாம், எனக்கு அதப் பாக்க மனசு தாங்குறல்ல. ரெண்டு வேற மரத்தையும் சேத்து நிறுத்துறதுக்கு கேட்டின்லயோ குசன்லயோ அந்த ரெண்டு நிறமும் வாற துணி ஒண்டு போதும்.

அந்த மாதிரித் துணிக்கு நான் தூரம் போறல்ல, மருதமுனைக் கைத்தறிதான். நீட்டு நூல் பாவு ஒரு கலர், குறுக்கு நூல் ஊடு ஒரு கலர் எண்டு நெய்யிறதால கிட்ட நிண்டா ஒரு நிறம், தள்ளி நிண்டா ஒரு நிறம் தெரியும். அதுல ஒரு நூல இழுத்தெடுத்து பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய், இந்தக் கலர நல்லா வெளிற வெச்சுத் தாங்க எண்டு கேளுங்க, சுவரும் கேட்டினும் ஒரு வீட்டுப் பிள்ளைகளா நிக்கும். ஷேட் கார்ட்ல பாத்த அதே கடுமையில எடுத்தா நாலு சுவரும் சேந்து ரெண்டு மடங்கு கடுமையாத் தெரியும், கார்ட்ல பிடிச்சத விட ஒரு படி வெளிறினத எடுக்கிறது நல்லம்.

பினிஷ் எண்டு வந்தா நம்மட ஆக்களுக்கு மினுக்கம்தான் விருப்பம், கழுவலாம் எண்டு சொல்லி ஹோல் முழுக்க சில்க் எண்டுற மினுக்கப் பெயின்ட் அடிக்கிறாங்க. மினுங்குற டைல்ஸ், க்ளோஸ் வார்னிஷ் அடிச்ச கதிரை, கண்ணாடி அலுமாரி, அதுக்குமேல சில்க் சுவர் எண்டா கண் எங்கயும் நிக்காது. பில்லர் பூசினதுல இரிக்கிற மேடு பள்ளம் எல்லாம் பின்னேர வெயில்ல வரி வரியா எழும்பும். நிலமும் சாமானும் மினுங்கினா சுவர் மினுக்கமில்லாத மேட் பினிஷ்ல இரிக்கட்டும், பழைய சிராய்ப்பான சீமெந்து நிலமும் பிரம்புக் கதிரையும் எண்டா சுவருக்குக் கொஞ்சம் மினுக்கம் குடுக்கலாம். குசினி, சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற நடைபாதை, சாம்பிராணி பிடிக்கிற சாமியறை இதுகளுக்கு சில்க்தான் சரி.

யன்னல் நிலைக்கு அடிக்கிற வெள்ள எனாமலப் பத்தியும் சொல்லணும். எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்துல மஞ்சளாகும். பழைய கேட்டினக் கழட்டக்குள்ள நான் இத ஒவ்வொரு வீட்டுலயும் காணுறன், துணி மூடியிருந்த இடம் மஞ்சள், வெயில் பட்ட இடம் வெள்ள, நடுவுல கோடு கீறின மாதிரி. அதனால தடிச்ச கேட்டின் போடப்போற யன்னலுக்குத் தண்ணி எனாமல் கேட்டு வாங்குங்க, இல்லாட்டி நிலைய மரக் கலர்லயே விடுங்க.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் குடுத்த 500 சதுர அடி வீடுகள்ல இரிக்கிற ஆக்கள் சின்ன வீடு எண்டா வெள்ள மட்டும்தான் எண்டு நினைக்கிறாங்க, அப்பிடி ஒண்டும் இல்ல. சுவருக்கு ஒரு கலர், நிலைக்கு ஒரு கலர், கதவுக்கு இன்னொண்டு எண்டு துண்டு துண்டா வெட்டுறதுதான் இடத்தச் சுருக்கிக் காட்டுது. சுவரும் நிலையும் கதவும் ஒரே கலர்ல போகட்டும், கேட்டினும் சுவர விட ஒரு படி கடுமையா அதே கலர்லயே கூரைக்குக் கிட்ட இருந்து நிலம் வரைக்கும் விழட்டும்.

பொங்கலுக்கு முதல் அவசரமா அடிக்கிறதும் நிக்கணும். கார்த்திகை மார்கழி மழை குடிச்ச சுவர் தைப்பொங்கலுக்குள்ள காயாது, வாவிக் கரை வீடுகள்ல உப்பு வேற பூத்து வரும், அதுக்கு மேல அடிச்சா கொப்பளிச்சு உரியும். புதுச் சீமெந்துப் பூச்செண்டா வெயில் காலத்துலயே நாலு கிழமையாவது விடணும். சித்திரை வருசத்துக்குச் செய்யிறதெண்டா மாசியிலயும் பங்குனியிலயும் சாமானும் துணியும் பாத்து முடிச்சு, சுவர் காஞ்ச பிறகு கடைசிக் கிழமைகள்ல அடிக்கலாம்.

இனி ரெண்டு வேண்டுகோள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பத்துப் பெயின்ட் கடைக்கார ஐயாமார் சின்னத் தகரப் பேணியில கலந்து குடுக்கப் பழகணும். ஒரு லீட்டர் வாங்கித்தான் பாக்கணும் எண்டா கஷ்டப்பட்ட சனம் பாக்காமலே அடிக்கும். சின்னப் பேணி கிடைச்சா ஒரு ஹார்ட்போர்ட் துண்டுல ரெண்டு கோட் அடிச்சு, நல்லாக் காஞ்ச பிறகு, செற்றிக்குப் பின்னால நிமித்தி வெச்சு, கேட்டின் துணியப் பக்கத்துல தொங்கவிட்டு, காலையிலயும் பின்னேரமும் இரவு பல்ப் போட்டும் பாக்கலாம். மேசையில படுக்க வெச்சுப் பாக்கிறது சரிவராது, சுவர்ல விழுற வெளிச்சம் வேற.

மற்றது உங்களுக்கு ஐயா. அந்தப் பக்கத்துல நம்மட வீடுகளப் போடுங்க, களுவாஞ்சிக்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, திருக்கோவில் எண்டு போய்ப் படம் எடுங்க, தச்சு வேலை ஆக்களையும் பெயின்ட் அடிக்கிற தம்பிமாரையும் பேச வைங்க. படத்துக்குக் கீழ பெயின்ட் ஷேட் நம்பர், என்ன பினிஷ், யன்னல் எந்தத் திசை, என்ன பல்ப் எண்டு ஒரு வரி போடுங்க. பேப்பர்த் தாள் பழுப்பு, மை ஊறி எல்லாக் கலரும் ஒரு படி மங்கித்தான் வரும், அந்த வெட்டுத் துண்டக் கடையில காட்டித்தான் இப்ப சனம் பெயின்ட் கலக்குது. நம்பர் இருந்தா அதச் சொல்லி எடுப்பாங்க.

இப்படிக்கு,
கேட்டின் தைக்கிற ஒரு வாசகி,
ஆரையம்பதி.