வயித்துவலின்னு சொல்லுற பிள்ளைக்கு

ஆசிரியருக்கு வணக்கம். நான் தக்கலை பக்கம் வீட்டுல வச்சு டியூஷன் எடுக்கேன். பரீட்சை வந்தா போதும், காலைலயே வயிறு வலிக்குன்னு சுருண்டு படுக்குற பிள்ளைங்கள எத்தனையோ பாத்தாச்சு, நாமளும் சுக்கு தட்டிப்போட்டு குடுப்போம், இல்லன்னா மடின்னு ஏசுவோம். அது நடிப்பு இல்லங்க. பயம் வந்தா அட்ரினலின்னு உடம்புல சுரக்குற ஹார்மோன் கூடி நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வயித்தையும் பெரட்டும், ஆனா இதுக்கு பேரு பயம்னு பிள்ளைக்கே தெரியாது, தெரிஞ்சாலும் அந்நேரம் வாய் வராது.

அதான் சார்ட்ல ஒரு தெர்மாமீட்டர் வரைஞ்சு 1 பச்சை, 3 மஞ்சள், 5 சிவப்புன்னு ஒட்டி வச்சேன், பயம் எவ்வளவுன்னு விரல வச்சு காட்டுனா போதும். கூடவே "ரெண்டு நிமிஷம் வெளிய நிக்கட்டா"ன்னு படம் போட்ட ஒரு கார்டு. சும்மா குடுத்தா வேலைக்காவாது, நான் பிள்ளையா உக்காந்து, பிள்ளை டீச்சரா நின்னு (என்னைய மாதிரியே கண்ணாடிய எறக்கி மொறைக்கும், அத விடுங்க) நாலஞ்சு தடவ நடிச்சு பழகணும், அதுவும் மனசு அமைதியா இருக்கப்ப.

2017ல ஒக்கி புயல் அடிச்ச பெறவு காத்து சத்தம் கேட்டாலே நடுங்குன பிள்ளைங்க எங்கிட்ட படிச்சாங்க, அன்னைக்கு எனக்கு இது தெரியல. இப்ப மனசு கஷ்டத்த போன்ல பேச அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416 இருக்கு, ஃப்ரீதான், பெத்தவங்களும் கூப்பிடலாம்.

உங்க மாணவர் பக்கத்துல அந்த தெர்மாமீட்டர் படத்த ஒருநாள் பெருசா போடுங்க சார், வெட்டி ஒட்டிக்கிடுவோம்.

- ஒரு டியூஷன் டீச்சர், தக்கலை