பென்டிரைவிலிருந்து மென்பொருளை இயக்க அனுமதியுங்கள்: நூலக நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகத்தினருக்கும் கணினிப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கணினி அறையில் பென்டிரைவிலிருந்து எந்த மென்பொருளும் இயங்காதபடி நீங்கள் தடை விதித்த காரணத்தையும், அதற்கு முன் வைரஸ் பரவி அறை பூட்டிக் கிடந்த நாள்களையும் நான் அறிவேன். அவற்றை உங்களுக்கே விளக்க வரவில்லை. அந்தத் தடைக்குப் பிறகு பார்வையற்ற உறுப்பினன் ஒருவன் முதன்முறையாக அங்கே வந்து உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்பதைச் சொல்லி, ஒரு விலக்குக் கேட்கவே எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகளாக நான் உங்கள் கணினிகளைப் பயன்படுத்தும் முறை ஒன்றுதான். சாவிக்கொத்தில் முடிச்சுப் போட்ட நூலோடு தொங்கும் பென்டிரைவைச் செருகுவேன். சாதனம் இணைந்ததற்கான ஒலி ஹெட்போனில் கேட்டதும் விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டிரைவின் எழுத்தையும் (டி, இ போன்றது) கோப்புறையின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் அடித்து என்டர் தட்டுவேன். டிரைவின் எழுத்து கணினிக்குக் கணினி மாறும் என்பதால் சில சமயம் இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருக்கும். பிறகு, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் தொடக்க ஒலி எழும். அதன்பின் எனக்கு யார் உதவியும் தேவைப்பட்டதில்லை.

சென்ற வாரம் அந்த ஒலி எழவில்லை. எழுத்தை மாற்றினேன், டிரைவைக் கழற்றி மறுபடி செருகினேன், வேறு கணினிக்கு மாறி உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் இருந்த மாணவி தயங்கித் தயங்கி, "சார், நிர்வாகி தடுத்திருக்கிறார்னு திரையில வந்திருக்கு" என்றார். தடை பற்றிய அறிவிப்பு ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதைப் படிக்க உதவும் மென்பொருளையே அது தடுத்திருந்தது. விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டரும் அந்தக் கணினிகளில் முடக்கப்பட்டிருந்தது.

அன்று மாலைக்குள் ஒரு வேலை விண்ணப்பத்தை நான் அனுப்பியாக வேண்டும். அந்த மாணவி மனமுவந்து உதவினார். மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்து, "இப்ப கடவுச்சொல்லை அடிங்க சார்" என்றார். விசைப்பலகை எனக்குத் தடவாமலே தெரியும், ஆனால் கர்சர் எந்தப் பெட்டியில் நிற்கிறது என்பதைச் சொல்லக் குரல் இல்லையே. பாதி அடித்த பிறகு அவர் தாழ்ந்த குரலில், "சார், நீங்க அடிக்கிறதெல்லாம் வெளியில தெரியுது" என்றார். கடவுச்சொல் பயனர் பெயருக்கான பெட்டியில், எல்லோருக்கும் தெரியும் எழுத்துகளாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு என் விண்ணப்பத்தை அவர் வாய்விட்டு வாசிக்க வேண்டியதாயிற்று. என் குறைபாட்டின் விழுக்காடு, கடைசியாக வாங்கிய சம்பளம், வேலையை விட்ட காரணம் எல்லாம் அமைதியான அந்த அறையில் வரிசையாக ஒலித்தன. அந்தப் பெண்மீது எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நிலையை எனக்கு உண்டாக்கிய தடையின் மீதுதான், மரியாதையோடு சொல்கிறேன், கோபம்.

ஆகவே என் வேண்டுகோள் இது: பென்டிரைவிலிருந்து திரைவாசிப்பானையும், உறுப்பினர்கள் முன்கூட்டியே தெரிவிக்கும் கட்டற்ற (யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் கூடிய) மென்பொருள்களையும் இயக்க அனுமதியுங்கள்.

நிறுவாமலே இயங்கும் இத்தகைய மென்பொருள் உங்கள் கணினிக்குச் செய்யும் தொந்தரவு மிகக் குறைவு. வழக்கமான மென்பொருளை நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அது கணினியின் பல இடங்களில் கோப்புகளை வைக்கும், ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் பதிவுகளை எழுதும். நிறுவாமல் இயங்கும் போர்ட்டபிள் மென்பொருளோ தன் அமைப்புகளைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, டிரைவோடு வந்து டிரைவோடு போய்விடும். 2004-இல் ஜான் ஹாலர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை இப்படி அமைத்து வெளியிட்டார். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த போர்ட்டபிள்ஆப்ஸ் தொகுப்பில் இன்று ஆவணங்கள் எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் உட்பட அன்றாட வேலைக்கு வேண்டிய அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. சுவடே மிஞ்சாது என்று நான் சொல்லவில்லை. எந்த டிரைவ் செருகப்பட்டது, எந்தக் கோப்பு திறக்கப்பட்டது என்பன போன்ற சிலவற்றை விண்டோஸ் தானே குறித்துவைக்கும். ஆனால் எனக்குப் பின் அமர்பவருக்கு என் உலாவியின் வரலாறோ கடவுச்சொல்லோ கிடைக்காது.

என்விடிஏவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது, இருவருமே பார்வையற்றவர்கள். போர்ட்டபிள் நகல் எடுக்கும் வசதி அதன் மெனுவிலேயே இருக்கிறது. பார்வையற்றவர் அடுத்தவர் கணினியிலும் வேலை செய்தாக வேண்டும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் வாசிக்கும். அந்தக் குரல் ஓடவேண்டிய வேகம், நிறுத்தக்குறிகளை எவ்வளவு சொல்லவேண்டும் என்ற அளவு, பெயர்களைச் சரியாக உச்சரிக்க நான் ஆண்டுக்கணக்கில் சேர்த்த உச்சரிப்பு அகராதி யாவும் அந்தக் கோப்புறையில் இருக்கின்றன. நீங்களே எல்லாக் கணினிகளிலும் அதை நிறுவினால் மிகவும் நன்றியுடையவனாவேன். அப்போதும் என் அமைப்புகளோடு என் நகலை இயக்கும் தேவை எனக்கு இருக்கும்.

வைரஸ் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2008-இல் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் புழு (தானே பரவும் தீய நிரல்), பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ளது தானாக இயங்கும் வசதியையும் பயன்படுத்திப் பரவியதை நானும் அறிவேன். அந்த வசதி விண்டோஸ் 7-இல் பென்டிரைவுகளுக்கு நிறுத்தப்பட்டது; 2011-இல் பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் வந்தது. விசைப்பலகையாக வேடமிடும் யுஎஸ்பி சாதனங்களை 2014-இல் ஆய்வாளர்கள் செய்துகாட்டினர். அத்தகைய சாதனத்தை இப்போதைய தடையும் நிறுத்தாது, ஏனெனில் கணினி அதை வட்டாகவே பார்ப்பதில்லை.

நீக்கக்கூடிய வட்டுகளிலிருந்து எதையும் இயக்காதே என்ற ஒட்டுமொத்தக் கொள்கையை எடுத்துவிட்டு, அதனிடத்தில், எந்த மென்பொருள் இயங்கலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கரின் விதிகளை வைக்கலாம். அதில் மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்த்து, இன்ன வெளியீட்டாளருடையது மட்டும் இயங்கலாம் என்று விதி எழுத முடியும். என்விடிஏ அதன் வெளியீட்டாளரின் கையொப்பத்தோடுதான் வருகிறது. கையொப்பம் இல்லாதவற்றுக்குக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் என்ற அடையாள மதிப்பைக் கொண்டு விதி எழுதலாம். பதிப்பு மாறும்போது அதைப் புதுப்பிக்கும் சிறு வேலை உண்டு, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத எதுவும் முன்போலவே தடுக்கப்படும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் எடுக்கப்படும் முடிவுகளில் எங்களைப் போன்றவர்களிடம் யாரும் முன்னதாக ஒரு வார்த்தை கேட்பதில்லை. எழுத்துகளைக் காதால் கேட்டு உறுதிசெய்ய வழியில்லாத கேப்ட்சா (மனிதர்தானா என்று பார்க்கும் இணையச் சோதனை), தொடுதிரை மட்டுமே உள்ள இயந்திரம், படமாக ஸ்கேன் செய்து ஏற்றிய படிவம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருப்பவரின் இரக்கத்தை நம்பி எங்கள் சொந்த விவரங்களை ஒப்படைக்கிறோம். நூலகம் மட்டும் அப்படியில்லாத இடமாக இருந்தது. அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

மீண்டும் பணிவோடு கேட்கிறேன்: பென்டிரைவிலிருந்து திரைவாசிப்பானை இயக்க அனுமதியுங்கள். எல்லாக் கணினிகளிலும் உடனே மாற்றுவது கடினம் என்றால், கதவருகே உள்ள முதல் கணினியிலாவது இந்த விலக்கைத் தாருங்கள். நரேட்டரையும் அதில் திறந்துவையுங்கள். நீங்கள் சொல்லும் நாளில் என் பென்டிரைவோடு வருகிறேன். அதிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் உங்கள் பொறுப்பாளர் வைரஸ் சோதனை செய்து பார்க்கட்டும். விதியை எழுதி முடித்ததும் அது வேலை செய்கிறதா என்பதை அங்கேயே உட்கார்ந்து சோதித்துச் சொல்கிறேன். விண்ணப்பத்திற்கு நேர்காணல் அழைப்பு வந்தால் அதற்கான பதிலையும் அந்தக் கணினியிலிருந்தே நான் எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நூலக உறுப்பினன்