எலும்புப்புரை வேறு, மூட்டுத் தேய்மானம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"எலும்பு தேஞ்சிருச்சு" என்று நம் பெண்கள் சொல்வது பெரும்பாலும் முழங்கால் வலியைத்தான். அது மூட்டுத் தேய்மானம். மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்று சொல்லும் எலும்புப்புரை அதுவல்ல. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு கட்டப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு அதிகம். எலும்பு முறியும்வரை வலியே இருக்காது. நாளிதழ்களாவது இரண்டையும் 'எலும்புத் தேய்மானம்' என்று ஒரே பெயரில் எழுதாமல் இருந்தால் நல்லது.

இந்தக் குழப்பத்தால் வரும் கேடு சிறிதல்ல. முழங்கால் வலிக்கென்று பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் மாஜுன், ஜாமு போன்ற நாட்டு மருந்துகளை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. புட்டியோடு கிளினிக்குக்குப் போங்கள்.

ஐம்பது தாண்டிய பெண் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு முறிகிறது. மாவுக்கட்டு, ஆறு வாரம், அத்தோடு சரி என்று விட்டுவிடுகிறார்கள். நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கட்டு அவிழ்க்கும் நாளில் அம்மாவுடன் போகும் பிள்ளைகள் எலும்பு அடர்த்திச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறிவு இடுப்பிலாக இருந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை. இளவயது உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தால், முதுகெலும்பு ஓசையின்றி நசுங்கியிருக்கலாம்.

விழாதவர்களுக்கு, எலும்புப்புரை வரும் ஆபத்தைப் பார்க்க, ஆசியப் பெண்களுக்கென்றே உருவான ஒரு கணக்கு இருக்கிறது. கிலோ எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்குங்கள். 45 கிலோ, 68 வயது என்றால் -23 × 0.2 = -4.6. விடை -4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். -1க்கும் -4க்கும் இடையே நடுத்தரம். "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு என்ன வரப்போவுது" என்பவர்கள்தான் இதை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். உறுதி செய்வது இடுப்பிலும் முதுகிலும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன். எலும்பு அடர்த்தியை இளவயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. பேரங்காடிகளில் குதிகாலை வைத்துப் பார்க்கும் இலவசச் சோதனை இதற்கு ஈடாகாது. அங்கே "நல்லாருக்கு" என்றார்கள் என்று ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்.

மருந்து கையில் வந்த பிறகும் தவறுகள் நடக்கின்றன. கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. மாத்திரையில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். அதைச் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். நாளுக்கு இரண்டு மாத்திரை என்றால் இருவேளையாகப் பிரியுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

எலும்பு கரைவதைத் தடுக்க வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரையில்தான் பெரும் பிழை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. தே தாரிக் என்னும் பால் தேநீரோடு போட்டால் அதுவும் போச்சு. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்தோ நின்றோ இருங்கள். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

அதே எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தமிழ்நாட்டுப் பயணத்துக்காக இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடக் கூடாது. மருந்தின் பிடி விட்டதும் எலும்பு சரசரவென்று கரைந்து, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை முறியக்கூடும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஊசித் தேதியைப் பார்த்து, டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு