கணுக்காலில் ஓர் ஊசி

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. உன் தங்கை பேருந்தில் ஏறவே அஞ்சுகிறாள், வெளியூர் போவதென்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், மூன்றாண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்த்தது போலிருந்தது. அவளுக்கும் எனக்கும் உள்ள எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு நோயால் கால் மரத்துப்போனதை எல்லோரிடமும் சொன்ன நான், சிறுநீரை அடக்க முடியவில்லை என்பதை என் நரம்பியல் மருத்துவரிடம்கூட ஒன்றரை ஆண்டு மறைத்தேன். அவளும் அப்படி நாட்களை வீணாக்கக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறை சிதைவதால், 'இப்போது வேண்டாம், பொறு' என்று மூளை அனுப்பும் கட்டளை சிறுநீர்ப்பையைச் சரியாகச் சென்றடைவதில்லை. பை நிரம்புவதற்கு வெகு முன்பே தானாகச் சுருங்கிவிடுகிறது. மருத்துவர் சொன்னபடி மூன்று நாள் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்துக் குறித்து வைத்தேன். உயிர் போகிற அவசரம் என்று ஓடியபோதெல்லாம் வந்தது 100, 120 மில்லிதான். நல்ல நிலையிலுள்ள பை 400 மில்லி வரை தாங்கும்.

முதலில் மாத்திரை கொடுத்தார்கள். வாய் வறண்டு, மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டதால் விட்டுவிட்டேன். அதன் பிறகுதான் டிபியல் நரம்புத் தூண்டல், அதாவது காலில் ஓடும் டிபியல் நரம்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டும் சிகிச்சை. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் மார்ஷல் ஸ்டோலர் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் வளர்த்தெடுத்த முறை இது. உள்பக்கக் கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே மிக மெல்லிய ஊசியைச் செருகி, பாதத்தில் ஒரு பட்டையை ஒட்டி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்கள். திடீரென்று என் கால் பெருவிரல் நான் அசைக்காமலே மடங்கியது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. நரம்பு சரியாகப் பிடிபட்டதற்கு அதுதான் அடையாளமாம். சிறுநீர்ப் பையை ஆளும் நரம்புகள் புறப்படும் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தே இந்தக் கால் நரம்பின் இழைகளும் வருவதால், காலில் தட்டினால் அங்கே கேட்கிறது. அமர்வுக்கு 30 நிமிடம், வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வாரம்.

ஐந்து வாரம் வரை எந்த மாற்றமும் இல்லாததால் நான் மனம் தளர்ந்தது உண்மை. ஏழாவது வாரத்தில் ஒருநாள் இரவு 11 மணிக்குப் படுத்து, விழித்துப் பார்த்தபோது மணி மூன்று. படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். ஐந்து முறை எழுந்த இடத்தில் இப்போது இரண்டு முறை எழுகிறேன். இது நோயைத் தீர்ப்பதில்லை, நிறுத்தினால் பலன் மங்கும், ஆகவே மாதம் ஒருமுறை போகிறேன். ஊசியில்லாமல் தோலில் பட்டை ஒட்டி வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவியும் உண்டு. இவை போதாவிட்டால், முதுகின் அடியில் கம்பியும் பிட்டத்தின் தோலுக்கடியில் பேட்டரியும் பதிக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது, எம்.எஸ். உள்ளவர்களுக்கு அடிக்கடி எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதால், பதிக்கும் கருவி அதற்கு ஏற்றதா என்று முன்பே கேட்டாக வேண்டும்.

ஒன்றை மட்டும் அவள் தவறவிடக் கூடாது. சிறுநீர் கழித்த உடனே ஸ்கேன் செய்து, பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கச் சொல். இந்த நோயில் அவசரமும் வரும், முழுதாக வெளியேறாமலும் நிற்கும். தேங்கினால் கிருமித்தொற்று வந்து, காய்ச்சலோடு கால் பலவீனமும் கூடி, நோயே புதிதாகத் தாக்கியது போலத் தோன்றும். எனக்கு இருமுறை அப்படி ஆயிற்று. தண்ணீரைக் குறைப்பதையும் அவள் நிறுத்த வேண்டும். அடர்ந்த சிறுநீர் பையை இன்னும் எரிச்சல்படுத்தும். மின்தூண்டல் செய்துகொள்வதென்றால், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் கணக்கெழுதிய நோட்டின் பக்கங்களைப் படியெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். அதே போல மூன்று நாள் எழுதி எடுத்துக்கொண்டு அவள் மருத்துவரிடம் போகட்டும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தத் தாளை நீட்டினாலே போதும்.

அன்புடன்,
கலைச்செல்வி