வரித்தலை வாத்துகளைக் குளத்தில் மட்டும் எண்ணினால் போதுமா? வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமானது, பின்னர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அங்கே காவலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்க வந்தது குளிர்காலத்தில் அங்கே வரும் வரித்தலை வாத்துகளின் கணக்கெடுப்பைப் பற்றி.

கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் மரத்தில் கூடு கட்டுகின்றன. கரையில் நின்றே எண்ணிவிடலாம். வரித்தலை வாத்து அப்படியல்ல. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. பகலில் குளத்தில் கூட்டமாக ஓய்வெடுக்கும், பொழுது சாய்ந்ததும் வயல்களுக்கு மேயப் போய்விடும். விடிந்ததும் அதே குளத்துக்குத்தான் திரும்பும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் எங்கே தோதாக இருக்கிறதோ அங்கே இறங்கும். ஆகவே ஜனவரியில் ஒரு நாள், ஒரு குளத்தில் எடுத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வாத்து குறைந்தது, கூடியது என்று பேசுவது சரியாக வராது. பக்கத்துக் குளத்துக்குப் போனதைக்கூட அழிவு என்று எழுதிவிடுவோம்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சுற்றியுள்ள குளங்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆள் நிறுத்தி எண்ண வேண்டும். அந்தி நேரத்தில் வயலுக்குக் கிளம்பும்போது ஒன்று, விடியலில் திரும்பும்போது ஒன்று. ஆளுக்குப் பஞ்சமில்லை. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் 2011 முதல் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணிப் பழகியிருக்கிறார்கள்.

எண்ணும்போது இளம் பறவைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வளர்ந்த வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புப் பட்டைகள் இருக்கும். முதல் குளிர்காலத்துக் குஞ்சுக்கு அவை இருக்காது, உச்சந்தலை மங்கிய சாம்பல் நிறமாகத் தெரியும். நல்ல தொலைநோக்கி இருந்தால் பிரித்துவிடலாம். நூற்றில் எத்தனை இளசு என்று தெரிந்தால், வடக்கே அந்த ஆண்டு குஞ்சு பொரிப்பு எப்படி இருந்தது என்பது இங்கிருந்தே பிடிபடும். கழுத்தையும் பார்க்க வேண்டும். மங்கோலியாவில் கழுத்தில் அடையாளப் பட்டை மாட்டிவிட்ட வாத்துகள் கர்நாடக ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன.

அப்புறம் தண்ணீர். குளத்து நீர்மட்டத்தை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் எப்போது வந்தது, சுற்றிலும் பிசானப் பயிர் (குளிர்கால நெல்) எந்த நிலையில் நின்றது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். நீர்வளத்துறையிடம் தண்ணீர் கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான்.

வயலில் மேய்ந்தால் விவசாயிக்கு நட்டம். அதை இதுவரை அவர் பொறுத்துக்கொள்கிறார் என்பதற்காகப் பதிவு செய்யாமல் விடக்கூடாது. செத்த பறவை கிடந்தால் யாருக்குச் சொல்வது என்ற தொலைபேசி எண்ணும் கரையிலேயே எழுதியிருக்க வேண்டும். 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகளைக் கொன்றது. அதில் பெரும் அடி வாங்கியது இந்த வாத்துதான்.

வரும் டிசம்பருக்கு முன் குளங்களின் பட்டியலையும் எண்ணும் தேதிகளையும் வெளியிடுங்கள். எந்தக் கரையில் நிற்கச் சொன்னாலும் நிற்கத் தயார்.

இப்படிக்கு,
பறவை பார்க்கும் ஒருவர்