நோட்டோ திருவிழா வீண்செலவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஜப்பான் கட்டுரையைக் கடைசிப் பத்தி வரை பொறுமையாகத்தான் படித்தேன். நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் தற்காலிகக் குடியிருப்பில் தவிக்கும்போது நோட்டோ மக்கள், ஜப்பானின் தொன்மையான மதமான ஷின்டோவின் கோயில் திருவிழாவுக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள் என்று அங்கே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து எழுதும்போது எல்லாம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது!

நான் பல ஆண்டுகளாகக் கனசாவாவில் வசிக்கிறேன். நோட்டோ தீபகற்பமும் எங்கள் இஷிகாவா மாகாணம்தான். 2024 புத்தாண்டு நாள் மாலை 4.10 மணிக்கு 7.6 அளவில் பூமி அதிர்ந்தபோது நாங்களும் தெருவுக்கு ஓடி வந்தவர்கள். புத்தாண்டுக்காகப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் ஊர் திரும்பியிருந்த வேளை அது. நோட்டோவிலுள்ள வாஜிமா நகரின் காலைச் சந்தை வட்டாரம் தீயில் போனதையும், கடற்கரை நான்கு மீட்டர் வரை மேலெழுந்து படகுத்துறைகள் வறண்டதையும் தாங்கள் அறிவீர்கள், விளக்கத் தேவையில்லை.

வாரி இறைத்த பணம் யாருடையது? கட்டுரையாளர் இதைக் கேட்கவே இல்லை. ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 89ஆவது பிரிவு, மத அமைப்புகளுக்குப் பொதுப்பணம் தரக்கூடாது என்கிறது. வீடு முற்றிலும் இடிந்த குடும்பத்துக்குத் தேசியச் சட்டப்படி அதிகபட்சம் 30 லட்சம் யென் உதவித்தொகை உண்டு. அது வேறு கணக்கு. திருவிழாவுக்காக அதில் ஒரு யென்கூடக் குறைக்கப்படுவதில்லை. வீடுகள் தாமதமாவதற்குக் காரணம் பிளந்த சாலைகளும் கட்டட ஆட்களின் பற்றாக்குறையும் இடிபாடு அகற்றும் வேலையின் நீளமும். திருவிழாவை நிறுத்தியிருந்தால் ஒரு கொத்தனாராவது கூடுதலாக வந்திருப்பாரா?

இந்த 89ஆவது பிரிவு கோயில்களை என்ன பாடுபடுத்துகிறது என்பதற்குக் குமமோட்டோ மாகாணமே சாட்சி. 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் அசோ கோயிலின் இரண்டடுக்கு வாயிலும் வழிபாட்டு மண்டபமும் சரிந்தன. வாயில் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்து. ஆகவே அரசு உதவி கிடைத்தது. பழைய மரங்களில் பெரும்பகுதியை மீண்டும் பயன்படுத்தி 2023 டிசம்பரில் நிமிர்த்தினார்கள். பக்கத்திலேயே விழுந்து கிடந்த மண்டபத்துக்கு அந்தத் தகுதி இல்லை. நன்கொடை திரட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அசோ பேர்பெற்ற கோயில், கொடுக்க ஆள் உண்டு. முப்பது வீடுள்ள மீனவக் குப்பத்துக் கோயிலுக்கு யார் கொடுப்பார்கள்? 2004இல் நீகாட்டா சூயெட்சு நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மீட்பு நிதியிலிருந்து, ஊர் கூடும் இடம் என்ற பெயரில் சிறு கோயில்களுக்கும் உதவினார்கள். சாமிக்கு இல்லை, ஊருக்கு! இந்த நுணுக்கத்தில்தான் கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது. ஆனால் தங்கள் இதழுக்கு ஜப்பான் என்றாலே ஃபூஜி மலை, சகுரா, புல்லட் ரயில். 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவின்போதும் வரிசையில் நிற்கும் ஜப்பானியர் படத்தைப் போட்டு ஒழுக்கத்தைப் பாராட்டியதோடு கடமை முடிந்தது. ஷின்டோவைப் புத்த மதத்தின் ஒரு கிளை என்று ஒருமுறை அச்சிட்டதற்கு நான் அனுப்பிய கடிதம் இன்னும் தங்கள் மேசையில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் நோட்டோக்காரர். தாயாரைக் கனசாவாவில் வைத்துக்கொண்டு, விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போய் இடிபாடு அள்ளுவார். ஒருமுறை நானும் போனேன். கோயிலில் கல் சிங்கம் பீடத்திலிருந்து விழுந்து முகம் மண்ணில் புதைந்து கிடந்தது. கூரையில் நீலத் தார்ப்பாய். பூசகர் அங்கே குடியிருப்பவர் இல்லை. பல கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். ஊர்ப் பெரியவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியல். பழைய முகவரிகளில் மையால் கோடு. பக்கத்தில் பென்சிலால் கனசாவா, காகா நகரம், மகள் வீடு, தற்காலிகக் குடியிருப்பு எண். ஏன் பென்சில் என்று கேட்டேன். எல்லோரும் திரும்பி வருவார்கள் அல்லவா, அழிக்க வேண்டாமா என்றார். அந்தப் பட்டியல் எந்த அரசு அலுவலகத்திலும் கிடையாது. திருவிழாவுக்கு யார் தோள் கொடுப்பார்கள் என்று விசாரிக்கத்தான் அவர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்திருந்தார். ஊர் சிதறாமல் இருப்பது இப்படித்தான்.

முன்னோரை வழிபடும் ஓபோனுக்கும் புத்தாண்டுக்கும் வராவிட்டாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவோம் என்பது நோட்டோ வழக்கு. 2024 ஜூலை 5, 6 தேதிகளில் நோட்டோவின் உஷிட்சு ஊரில் அபாரே திருவிழாவை நடத்தியே தீர்த்தார்கள். ஏழு மீட்டர் வரை உயர்ந்த கிரிகோ விளக்குக் கூண்டுகளைத் தோளில் சுமந்து தீப்பந்தங்களைச் சுற்றி வருவார்கள். மிகோஷி பல்லக்கைக் கடலிலும் ஆற்றிலும் நெருப்பிலும் போட்டுப் புரட்டுவார்கள். பார்த்தால் வீண்செலவு என்றுதான் தோன்றும். அந்தத் திருவிழா பிறந்ததே 350 ஆண்டுகளுக்கு முன் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியபோதுதான் என்பது ஊரறிந்த வரலாறு. கட்டுரையாளருக்கு மட்டும் அது எட்டவில்லை. தோளில் தழும்போடு நின்ற என் நோட்டோ நண்பர் அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுக் கத்தினார். பல ஊர்களால் அந்த ஆண்டு கிரிகோவை வெளியே எடுக்கவே முடியவில்லை. செப்டம்பரில் பெருமழை வந்து, தற்காலிகக் குடியிருப்புகளிலும் வெள்ளம் புகுந்தது. இதற்கும் தங்கள் இதழில் ஒரு வரி இல்லை.

மறுப்புக் கட்டுரைக்கு இடம் கேட்கவில்லை. கிடைக்காது என்று தெரியும். கட்டுரைக்கு மேலே நோட்டோ கோயில் என்று போட்டிருக்கும் சிவப்பு வாயில்களின் வரிசை கியோத்தோவிலுள்ள புஷிமி இனாரி. நோட்டோவுக்கு அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அடுத்த இதழில் இதை ஒரு வரியில் திருத்துங்கள். இடம் இல்லையென்றால் சகுரா சுற்றுலா விளம்பரத்துக்கு அடியிலாவது போடலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரன், கனசாவா