சும்மா நிற்கிறதென்ன?

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டேன். காண்ட்ராக்ட் முடிந்து ரூமில் உட்கார்ந்திருப்பவனிடம் சொல்கிற வார்த்தையா அது? நீ “சரிப்பா” என்று வைத்துவிட்டாய். அப்புறம் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

என் புத்தி உனக்குத் தெரியும், எழுந்து வேதாகமத்தை எடுத்துவிட்டேன். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் ‘ஆர்கோஸ்’ என்று ஒரு சொல். ‘எர்கோன்’ என்றால் வேலை. நாம் நீதிக்கு முன்னால் ‘அ’ போட்டு அநீதி என்கிறோமே, அப்படித்தான். வேலை இல்லாதது, அவ்வளவே. நம் பழைய மொழிபெயர்ப்பு அதை இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்கிறது. தீத்து 1:12-ல் கிரேத்தா தீவாரைப் பற்றி ‘பெருவயிற்றுச் சோம்பேறிகள்’. மத்தேயு 12:36-ல் ‘வீணான வார்த்தை’ (அது ஞாயிறன்று நான் பேசியது). மத்தேயு 20-ல், இயேசு சொன்ன உவமையில், கடைத்தெருவில் நின்ற கூலிக்காரர்களுக்கு வெறும் ‘சும்மா’.

அந்த ஆட்களைத்தான் நினைத்துக்கொண்டே இருந்தேன். பதினோராம் மணி வேளை என்றால் நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து. இனி யார் கூப்பிடப்போகிறார்கள்? ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறார்கள். ஆள் தேடி வந்த திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரன் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.” அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முழுநாள் கூலி கொடுத்தான்.

வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாது என்று அப்போஸ்தலன் பவுல் சொன்னதாக உன்னிடம் எத்தனை தடவை அடித்துப் பேசியிருப்பேன்! 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ எடுத்துப் பார், ‘வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்’ என்றிருக்கிறது. அந்த ‘மனதில்லாதிருந்தால்’ என்பதை நான்தான் விழுங்கியிருக்கிறேன். அங்கே சோம்பலுக்குச் சொல்லும் வேறு: ‘அதாக்டோஸ்’, படையில் வரிசை பிசகியவனுக்குச் சொல்வது.

இன்னொன்று, இது உன் தொழில் சங்கதி. 1894-ல் ராலேயும் ராம்சேயும் காற்றிலிருந்து ஒரு வாயுவைப் பிரித்தார்கள். எதோடும் சேராமல் சும்மா இருக்கிறதே என்று இதே சொல்லிலிருந்து அதற்குப் பேர் வைத்தார்கள்: ஆர்கான். நீ பைப் ஒட்டும்போது டார்ச்சிலிருந்து வந்து, உருகிய இடத்தில் காற்று அண்டாமல் காக்கிறதே, அதேதான். இத்தனை வருஷம் ‘என் மகன் ஆர்கான் வெல்டர்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன். மெஸ்ஸுக்கு வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லாதே. இந்தத் தடவை போனை அம்மாவிடமே முதலில் கொடுக்கிறேன்.

அப்பா